கார் ஷெட்டுக்கு ஒரு பந்தல்

போன வெள்ளிக்கிழமை காலை வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு வசந்தா விறுவிறுவென்று வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் கலங்கியிருக்கிறது அவளுக்கு.

"ஏன் டீச்சர், பந்தக்கால் நடுற வரைக்கும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே. மாப்பிள்ளைக்கு எந்த ஊரு?"

எந்த மாப்பிள்ளை? யாருக்குக் கல்யாணம்? எங்கள் வீட்டில் பந்தல் போட்டது வாஸ்தவம்தான். ஆனால் அது கல்யாணத்துக்கு இல்லை... கார் ஷெட்டுக்கு!

சொன்னால் நம்பினால்தானே. "சொல்ல இஷ்டமில்லன்னா விடுங்க" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டாள். உங்களிடமாவது முழுசாகச் சொல்லிவிடுகிறேன். வாராவாரம் என் புலம்பலைக் கேட்டுப் பழகியவர்கள் நீங்கள்.

முதலில் ஒரு விஷயம். எங்களிடம் கார் கிடையாது. எப்போதுமே இருந்ததில்லை. திருவிடைமருதூருக்குப் பக்கத்தில் இந்த வீட்டைக் கட்டியபோது, "நாளைக்கே கார் வாங்கினா எங்க நிறுத்துவ?" என்று என் வீட்டுக்காரர் ஒற்றைக்காலில் நின்று ஒரு ஷெட் போட்டார். மூன்று பக்கம் சுவர், முன்னால் இரும்பு கேட், தலைக்கு மேல் தகர ஷீட். அந்த 'நாளைக்கு' இருபது வருஷமாக வரவில்லை. உள்ளே ஒரு மொபெட்டும் என் பழைய பரீட்சைப் பேப்பர் கட்டுகளும்தான் குடியிருந்தன.

போன வருஷம் எங்கள் மகள் தேன்மொழி கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர்ந்தாள். அங்கே ஒரு மோட்டார் கம்பெனியில் எட்டு வருஷம் வேலை பார்த்தவள். இனிமேல் சொந்தத் தொழில் என்றாள். ஷெட்டைக் காலி செய்தாள், போர்டு மாட்டினாள். வயலில் புகைந்துபோகும் பம்புசெட் மோட்டார்களுக்கு உள்ளே இருக்கிற செப்புக்கம்பிச் சுருளை, அதாவது காயிலை, புதிதாகக் கட்டித் தருகிற வேலை. ஒரு பெண்ணை நம்பி மோட்டாரைத் தருவார்களா என்று நான்தான் பயந்தேன். தந்தார்கள். தைப்பொங்கலுக்குள் ஷெட் நிறைந்துவிட்டது.

எல்லாம் நன்றாகத்தான் போனது — கத்திரி பிறக்கும் வரை.

தகரத்துக்குக் கீழே காலை பத்து மணிக்கு மேல் நிற்க முடியவில்லை. ஃபேன் போட்டால் அடுப்பை ஊதிவிடுகிற மாதிரி இருக்கிறது. அதே சமயம் வேலை குவிவதும் இந்த மாதத்தில்தான். குறுவைக்கு நாற்று விட வேண்டும், போர்வெல் ஓட வேண்டும், ஓட்டியதும் மோட்டார் புகைய வேண்டும்... அதுதானே வழக்கம்? ஒரு மத்தியானம் மோர் எடுத்துக்கொண்டு போகிறேன், பிள்ளை தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருக்கிறாள். முகம் வெளிறிக் கிடக்கிறது. லேசாகத் தலை சுற்றியதாம்.

அன்று சாயங்காலம் அவள் சொன்ன செய்தி வெயிலைவிட அதிகமாகச் சுட்டது. பழைய கம்பெனியில் திரும்பக் கூப்பிடுகிறார்களாம். மாசக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

"சீசன்லயே ஷெட்டுக்குள்ள நிக்க முடியலன்னா அப்புறம் என்னம்மா தொழில்? போயிடலாம்னு பாக்கறேன்."

போகாதே என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். வளர்ந்த பிள்ளையின் பிழைப்புக்குக் குறுக்கே நம் ஆசையைக் கொண்டுபோய்ப் போடலாமா? ஆனால் உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது — எட்டு வருஷம் ஃபோனில் 'சாப்பிட்டியா' என்று கேட்டே காலம் போய்விட்டது. இப்போதுதான் தட்டில் பரிமாறி, அவள் சாப்பிடுவதைக் கண்ணால் பார்க்கிறேன். இன்னொரு தடவை அவளைப் பஸ் ஏற்றிவிட எனக்குத் தெம்பில்லை. அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே ஷெட் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் வாய்க்கால் மதகுகளைத் திறந்து மூடுகிற வேலையில் இருந்து ரிட்டயர் ஆனவர் இவர். எந்த வியாதிக்கும் இவரிடம் ஒரே மருந்துதான்: தண்ணீர். எனக்குத் தலைவலியா, தண்ணீர் குடி. கோபமா, இரண்டு டம்ளர் குடி. செடி வாடினாலும் தண்ணீர், அழுகினாலும் தண்ணீர்! இவர் மட்டுமா, எங்கள் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான்.

மறுநாள் மினி லாரியில் வைக்கோல் வந்து இறங்கியது. ஏணியைப் போட்டு ஏறி, தகரம் முழுக்க முழங்கால் உயரத்துக்குப் பரப்பினார். மோட்டார் போட்டு, ஹோஸ் பிடித்து, காலை மத்தியானம் சாயங்காலம் மூன்று வேளையும் பாய்ச்சல். அட, ஷெட் நிஜமாகவே குளுகுளுவென்று ஆகிவிட்டது. நான்கூட மத்தியானம் அங்கேயே பாயை விரித்துப் படுத்தேன். மனுஷருக்குப் பெருமை தாங்கவில்லை. போகிற வருகிறவர்களை எல்லாம் உள்ளே கூப்பிட்டு நிற்க வைத்துக் காட்டினார்.

எட்டாம் நாள் காலை. மேலேயிருந்து இவர் குரல் கேட்கிறது.

"ஏம்மா, இங்க வந்து பாரேன்... முளை விட்டிருக்கு!"

மிஷின் அறுப்பு வைக்கோல். மிச்சமிருந்த நெல்லெல்லாம் ஈரத்தில் முளைத்து, கார் ஷெட் கூரையில் நாற்றங்கால் மாதிரி பச்சென்று நிற்கிறது. இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சொந்தமாக ஒரு காணி நிலம் வாங்கிவிட்டவர் மாதிரி நிற்கிறார்.

கீழே வேறு கதை. நாலைந்து நாளாகவே வார்னிஷ் காய மாட்டேன் என்கிறது என்று தேன்மொழி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். காயில் கட்டி முடித்ததும் மேலே பூசுகிற வார்னிஷ் அது. காற்றெல்லாம் ஈரமாக இருந்தால் எப்படிக் காயும்? அன்றைக்குப் பார்த்து, தகரத்தின் ஆணி ஓட்டை வழியாகத் தண்ணீர் சொட்டியிருக்கிறது. நேராக ராஜகுமாரி அக்காவின் மோட்டாருக்குள். தெற்குத் தெருவில் தனியாக விவசாயம் பார்க்கிறவர் அவர். நாற்று விட்டுவிட்டு, மோட்டாருக்காகத் தினமும் வந்து கேட்டை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர். இரண்டு நாள் உட்கார்ந்து கட்டிய காயில் மொத்தமும் வீண்.

தேன்மொழி கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"அப்பா, இறங்குங்க" என்றாள். "இந்த வேலைக்குத் தண்ணியே ஆகாதுப்பா."

முப்பது வருஷம் தண்ணீரைக் கட்டி ஆண்ட மனுஷரிடம் இதைச் சொன்னால் எப்படி இருக்கும்? ஏணியிலிருந்து இறங்கியவர் வாசற்படியில் உட்கார்ந்தவர்தான். காப்பி ஆறிப்போனது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது, அதைவிடப் பாவமாகவும் இருந்தது. கிட்டே போய் உட்கார்ந்தேன். நான் ஒன்றும் கேட்காமலே அவராகச் சொன்னார்.

"வடிகால் இல்லாம பாய்ச்சிட்டேன். வெயில மேலயே மறிச்சிருக்கணும். உள்ள வந்த சூடு போக வழி விட்டிருக்கணும். ரெண்டும் செய்யல."

அன்றைக்கே ஈர வைக்கோலைத் தனி ஆளாக வாரி இறக்கினார். முளைத்த நாற்றைத் தூர எறிய மனசில்லாமல் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஊன்றினார். பின்சுவரில் மேல்வரிசைச் செங்கல்லை ஒன்று விட்டு ஒன்று உருவினார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பந்தல்காரர் கோவிந்தராசுவோடு திரும்பினார்.

மூங்கில் வந்தது, தென்னங்கீற்று வந்தது. தகரத்துக்கு மேலே ஒன்றரை முழம் இடைவெளி விட்டுப் பந்தல். மேற்குப் பக்கம் கீற்றைத் தரை வரைக்கும் இறக்கிக் கட்டச் சொன்னார். கோவிந்தராசுவுக்கு ஒன்றும் புரியவில்லை. விசேஷம் என்றைக்கு, பந்தலை எப்போது பிரிக்க வரட்டும் என்று கேட்டார். ஆவணி வரைக்கும் இருக்கட்டும் என்றார் இவர். ஆவணி வரை நடக்கிற கல்யாணம் எந்த ஊரில் இருக்கிறது? தலையைச் சொறிந்துகொண்டே கட்டிவிட்டுப் போனார்.

தலைக்கு மேலே கீற்றாச்சே, நெருப்பு விஷயத்தில் மட்டும் தேன்மொழி கறார். பழைய காயிலை எரித்து எடுப்பது, சூடு காட்டுவது எல்லாம் இனிமேல் கொல்லைப்புறத்தில்தான் என்று சொல்லிவிட்டாள்.

ஏசி போட்ட மாதிரி இருக்கிறது என்றெல்லாம் புளுக மாட்டேன். வேர்க்கத்தான் செய்கிறது. ஆனால் மத்தியானம் இரண்டு மணிக்குத் தகரத்தின் அடியில் கையை வைத்துப் பார்த்தேன்... வைக்க முடிகிறது. பின்பக்க ஓட்டை வழியாகச் சூடு வெளியே போகிறது. ராஜகுமாரி அக்காவின் மோட்டாரை மறுபடி முதலிலிருந்து கட்டி, நன்றாகக் காயவைத்துக் கொடுத்தாள். நாற்று பிழைத்துவிட்டது என்று அக்கா ஒரு சீப்பு பழம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை மத்தியானம். மோர் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போகிறேன். தேன்மொழி ஃபோனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கையில் கம்பி சுற்றிக்கொண்டே பேசுகிறாள். கோயம்புத்தூர்தான். கேட்டருகிலேயே நின்று காது கொடுத்தேன்.

"இல்ல சார், வர முடியாது. வீட்ல விசேஷம்... ஆமா சார், பந்தல்லாம் போட்டாச்சு."

பாதி மோர் என் புடவையில்தான். நான் அழுதேனா என்று கேட்காதீர்கள்.

உள்ளே ஓடி இவரிடம் சொன்னேன். "அப்படியா" என்றார். அவ்வளவுதான். சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கேயோ கிளம்பிவிட்டார். சரியான கல்லுளிமங்கன் என்று திட்டிக்கொண்டே புடவை மாற்றப் போனேன்.

ஒரு மணி நேரம் கழித்து வாசலுக்கு வந்து பார்க்கிறேன்... குலை தள்ளிய வாழைமரம் இரண்டு, ஷெட் கேட்டின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறார் இந்த மனுஷர்.

எதிர்வீட்டு ஜன்னலில் வசந்தா. இனிமேல் நான் என்ன சொல்லி என்ன பிரயோஜனம்?