சாவியைத் திருப்பினால் ஒரு டக்

அந்தத் தெருவில் அவர் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. காதுக்காரர் என்றால் ஒர்க்‌ஷாப் வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். முப்பத்தொரு வருஷம் கார் எஞ்சின்களுக்குக் காது கொடுத்துச் சம்பாதித்த பட்டம் அது. வண்டி கேட்டுக்குள் நுழையும்போதே, நாற்காலியை விட்டு எழாமல், "பின் சக்கரத்துல பேரிங் போச்சு" என்பார். போயிருக்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

வேலையில் ஒரே ஒரு கூட்டாளி, அவர் மனைவி. கடைக்குப் பின்னால்தான் வீடு. அவர் எஞ்சின் மேல் குனிந்து கையை உயர்த்தினால், வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் அவள் சாவியைத் திருப்பவேண்டும். கை இறங்கினால் விடவேண்டும். அவர் காது வைத்திருக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது என்பது சட்டம். கல்யாணமான புதிதில் ஒருமுறை குறுக்கே பேசி வாங்கிக் கட்டிக்கொண்டதோடு சரி, அப்புறம் அவள் பேசியதில்லை.

அன்று காலை மருந்துக்கடைக்காரரின் காரைக் கட்டி இழுத்து வந்தார்கள். பேட்டரி புத்தம் புதுசு, முழு சார்ஜ். முன் விளக்குகள் கண்ணைக் கூச வைத்தன. ஆனால் சாவியைத் திருப்பினால் எஞ்சின் அசைவேனா என்றது.

இதற்கு அவரிடம் ஒரு எளிய கணக்கு உண்டு. திருப்பியதும் ஸ்டார்ட்டர் மோட்டாரில் 'டக்' என்று ஒரு சத்தம் வந்தால், கோளாறு மோட்டாரிலோ அதற்குப் போகும் தடித்த வயரிலோ இருக்கும். வராவிட்டால் சாவிப் பக்கம். காது வைத்தார். கையை உயர்த்தினார். டக் வரவில்லை.

ஆகவே சாவிப் பக்கம் போனார். ஃப்யூஸ் நன்றாக இருந்தது. ரிலேயை மாற்றினார். சாவி ஸ்விட்சைக் கழற்றி மாட்டினார். டெஸ்ட் லேம்ப் வைத்த இடத்திலெல்லாம் சமர்த்தாக எரிந்தது. மோட்டார் வாசல் வரைக்கும் கரண்ட் போகிறது, டக் மட்டும் இல்லை! இப்படி ஒரு வண்டியை அவர் பார்த்ததே கிடையாது. லேம்பின் மேலேயே சந்தேகம் வந்து பல்பை மாற்றினார். புது பல்பும் எரிந்தது. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மத்தியானம் ஆகியும் சாப்பிட மனமில்லாமல் பம்பர் மேல் உட்கார்ந்துவிட்டார். இப்போது அவர் காது வைத்திருக்கவில்லை. அந்தத் தைரியத்தில் அவள் கேட்டாள்: "என்னங்க, அந்த டக் எதனால வருது?"

"எந்த டக்?"

"காலைலேர்ந்து திருப்புறப்பல்லாம் அடிக்குதே. நீங்கதான் கேட்டுக்கிட்டு இருக்கீங்களே."

"விளையாடாத. திருப்பு."

திருப்பினாள். ஒன்றும் இல்லை.

"இப்பக்கூட அடிச்சுதே!"

அவர் ஸ்டார்ட்டர் மோட்டார் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு மறுபடி சைகை காட்டினார். கைக்கடியில் சின்னதாக ஒரு துள்ளல். காதில் மட்டும் மௌனம். அவருக்குப் பயமாக இருந்தது. தொலைபேசியில் மகள் வாய்க்குள்ளேயே பேசுகிறாள் என்று எரிந்து விழுந்ததும், டிக் டிக் கேட்கவில்லையே, கடிகாரம் நின்றுவிட்டது என்று பேட்டரி மாற்றியதும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. முப்பத்தொரு வருஷமாகச் சோறு போட்டது இந்தக் காதுதான். இது போனால் அவர் யார்?

மோட்டாருக்குப் போகும் தடித்த வயரின் நட்டு லூசாகி, பச்சை பிடித்துப் போயிருந்தது. சுரண்டி முறுக்கப் பத்து நிமிஷம். எஞ்சின் உறுமியது. அது நன்றாகக் கேட்டது. அதுதான் அவரை மேலும் குழப்பியது.

சாயங்காலம் மருந்துக்கடைக்காரர் வந்து சாவியை வாங்கிக்கொண்டு சிரித்தார். "காது வெச்ச உடனேயே கண்டுபிடிச்சிருப்பீங்களே!"

அவள் தரையைப் பார்த்தாள். சும்மா தலையாட்டினால் போதும். அவர் ஆட்டவில்லை. "இல்லைங்க, இவதான் கண்டுபிடிச்சா" என்றார்.

கார் போன பிறகு ஸ்பானர்களைத் துடைத்தபடி, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இனிமே நான் காது வெச்சிருக்கறப்போ நீ பேசு."

முதுகுக்குப் பின்னால் அவள் என்னவோ சொன்னாள். 'முணுமுணுக்காதே' என்ற வழக்கமான அதட்டல் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டுத் திரும்பினார்.

"என்ன சொன்ன? எனக்குக் கேக்கலை."