கப்பல் ஏறாத பசு

கிள்ளான் ஸ்டேஷனில் துறைமுகம் போகும் ரயில் நிற்கிறது. ரப்பர் விலை விழுந்ததும் துரைமாருக்குத் திடீரென்று தாராள மனசு வந்துவிட்டது. வேலையை விட்டு நிறுத்திய தோட்டத்து ஆட்களை இலவசக் கப்பலில் ஊருக்கு அனுப்புகிறார்கள். தகரப் பெட்டியும் பாயுமாக எல்லாரும் ஏறிவிட்டார்கள். ஒரு பெண் மட்டும் பசுவைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வேலியோரம் நிற்கிறாள்.

"மாட்ட யாருக்காவது தள்ளிட்டு ஏறு!" என்று ஜன்னலிலிருந்து கத்துகிறார் கணக்கெழுதும் தோட்டத்துக் கிராணி.

"அதுக்கும் ஒரு டிக்கெட்டு குடுங்க, ஏறுறேன்."

ரயில் அவளை விட்டுவிட்டுப் போகிறது. பிளாட்பாரத்தில் வேடிக்கை பார்த்து நின்ற எனக்குத்தான் பதறுகிறது.

"ஊர்ல உனக்கு யாரும் இல்லையாம்மா?"

"இருக்காங்கண்ணே. அங்க போயும் கூலி வேலைதான? துரைக்கு ரப்பர் வேணாம், சரி. இந்த டவுன்ல டீக்கடைக்காரன் எவனாச்சும் பால் வேணாம்னானா?"

"மாட்ட எங்க மேய்ப்ப?"

அவள் தண்டவாளத்தைக் காட்டுகிறாள். இரு பக்கமும் முழங்கால் உயரத்துக்குப் புல்.

பசு அதில் வாய் வைக்கிறது. ஸ்டேஷன் காவலாளி கம்பை ஓங்கிக்கொண்டு ஓடிவருகிறான். அவள் கயிற்றை இழுக்கவில்லை. கையில் சுற்றியிருந்ததையும் அவிழ்த்து, இன்னும் நீளமாக விடுகிறாள்.