இறங்காத விலை

என் மனைவியின் அண்ணனுக்குத் தெருவில் வைத்த பெயர் 'லட்சம்'. ஓவியர். யாரோ ஒரு பணக்காரர் அவர் படம் ஒன்றை ஒரு லட்சத்துக்கு வாங்கியபோது தெருவே வாயைப் பிளந்தது. உடனே, அவர் படங்களை வைத்து விற்கும் கேலரியின் முதலாளி அம்மா மற்றப் படங்களுக்கும் அதே விலையைப் போட்டார். அதோடு வியாபாரம் படுத்துவிட்டது. மச்சான் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதித்தான் வயிற்றைக் கழுவினார்.

"விலையைக் கொஞ்சம் இறக்கினா என்னங்க?" என்று நான் ஒருமுறை கேலரியில் கேட்டுவிட்டேன். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"இந்தத் தொழில்ல விலை ஏறலாம், இறங்கக் கூடாது சார். ஒண்ணைக் குறைச்சு வித்தா முன்னாடி வாங்கினவர் ஏமாந்த மாதிரி ஆயிடும். அப்புறம் இவர் படத்தை ஒருத்தரும் தொட மாட்டாங்க."

மச்சான் அதற்கு வாக்குக் கொடுத்திருந்தார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அவர் மனைவியை நாங்கள் அக்கா என்போம். அக்கா படுத்த படுக்கையானபோது கடைசிவரை பார்த்துக்கொண்டவள் அடுத்த தெருவில் குடியிருந்த நர்ஸ். அக்கா போன பிறகு ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா ஜன்னல்ல தலை காயவைக்கிற படம் எனக்குக் கிடைக்குமாண்ணா? சும்மா வேணாம். சம்பளத்துல கொஞ்சம் கொஞ்சமா குடுத்துடுறேன்."

மச்சான் கேலரிக்கு ஓடினார். குறைத்தும் கொடுக்கக் கூடாதாம், சும்மாவும் கொடுக்கக் கூடாதாம். "சும்மா குடுக்கிறதும் ஒரு விலைதானே?" என்றாராம் அந்த அம்மா.

மச்சான் பெயிண்ட் டப்பாக்களோடு நர்ஸின் வாடகை அறைக்குப் போய், அதே அக்காவைச் சுவரில் வரைந்தார். "சுவத்தை யார் தூக்கிட்டுப் போய் விக்கப் போறா? இதுக்கு விலையே கிடையாது" என்றார். அது கேலரியில் தொங்கியதைவிட நன்றாக இருந்தது. நர்ஸ் வேலைக்குக் கிளம்பும்போது, "போயிட்டு வரேங்க்கா" என்று சுவரிடம் சொல்லிவிட்டுத்தான் கதவைப் பூட்டுவாள்.

பிறகு அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. சாமான் கட்ட உதவ நானும் மச்சானும் போயிருந்தபோது வீட்டுக்காரர் அறையைப் பார்க்க வந்தார். "சுவத்துல இப்படிக் கிறுக்கி வெச்சா அட்வான்ஸ் எப்படித் தர்றது? வெள்ளையடிச்சுக் குடும்மா."

அது யார் வரைந்தது என்று சொல்ல நான் வாயெடுத்தேன். மச்சான் என் கையை அழுத்தினார். "விடுங்க மாப்ள. அந்தப் பணம் இல்லாம அவ அங்க போய் எங்க தங்குவா?"

மறுநாள் அவரே ஏணியோடு வெள்ளையடிக்க வந்தார், துணைக்கு நானும். முதல் பூச்சில் கூந்தல் மறைந்தது. இரண்டாவதிலும் முகம் லேசாகத் தெரிந்தது. "காயட்டும்" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். சமையலறையில் நர்ஸ் குழாயைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள். மூன்றாவது பூச்சில் அக்கா போய்விட்டாள். இரண்டாம் முறை போனதுபோல்தான் இருந்தது எனக்கு.

வீட்டுக்காரருக்குப் பரம திருப்தி. "கை சுத்தமா இருக்கேப்பா! மத்த மூணு சுவத்தையும் அடிச்சுடு. எவ்வளவு கேக்குற?"

மச்சான் ஒரு கூலி சொன்னார்.

"அவ்வளவா? கொஞ்சம் குறைச்சுக்கப்பா."

மச்சான் ஈரம் காயாத அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரிங்க, குறைச்சுக்கலாம்" என்றார்.

நான் ஏணியை நகர்த்த மறுபக்கம் போய்ப் பிடித்தேன்.