எல்லார் தலைக்கும் பூ

கொழும்பில் அத்தை வீட்டு மாடி ஜன்னலைத் திறந்தால் கடல். எங்களோடு வந்த பெரியம்மா அதைப் பார்த்துவிட்டுத் திறந்த வாயை மூடவே இல்லை. நானோ முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்தக் கடலுக்கு அந்தப் பக்கம்தான் எங்கள் ஊர் நசரத்பேட்டை. நான் திரும்பிப் போவேனா என்பதே எனக்குத் தெரியாது.

வெள்ளைக்காரன் காலம் அது. அப்பாவின் தங்கையை, அதாவது என் அத்தையை, கொழும்பில் துணிக்கடை வைத்திருந்தவருக்குக் கொடுத்திருந்தார்கள். அறுவடை முடிந்ததும் பத்து நாள் தங்கிவிட்டுப் போங்கள் என்று மாமா எங்களை வரவழைத்தார். அப்பா, அம்மா, பெரியப்பா, பெரியம்மா, நான், தங்கை என்று ஆறு பேர் கிளம்பினோம். பதினாறு வயதில் ரயிலும் ஸ்டீமரும் என்றால் கேட்கணுமா? ஸ்டீமர் பாதிக் கடலில் போகும்போதுதான் பெரியம்மா போட்டு உடைத்தாள். “கடலப் பாக்கவா இம்மாந்தூரம் வர்றோம்? அத்த மவனுக்குன்னு உனக்குப் பூ வெக்கத்தாண்டி!” எங்கள் பக்கத்தில், மாப்பிள்ளையின் அம்மா நாலு பேர் முன்னால் பெண்ணின் தலையில் பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. அப்புறம் மாற்றினால் மானம் போகும்.

அத்தை மகன் நல்ல பையன், பாவம். செவ்விளநீர் சீவிக் கொடுப்பான், என் முகத்தைப் பார்க்காமல் ஓடுவான். அவன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அம்மாவை விட்டுத் தண்ணீருக்கு இந்தப் பக்கம் கிடக்க என்னால் ஆகாது, அவ்வளவுதான். அப்பாவிடம் சொல்லத் தைரியம் ஏது? கடற்கரைக்குப் போனோம், யானை குளிப்பதைப் பார்த்தோம், தேங்காய்ப்பால் ஊற்றிய மீன்குழம்பு மணத்தது. எனக்கு ஒரு கவளம் இறங்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலை அடுப்படியில் அத்தை தேங்காய் துருவிக்கொண்டே கேட்டாள்: “இன்னாடி, துன்னவே மாட்டேன்ற? இங்கயே என்னாண்ட இருந்துட்றியா?”

“ஊட்டுக்குப் போணும் அத்தே,” என்றேன். அழுகை வந்துவிட்டது. அத்தை அடுத்த மூடியை எடுத்துத் துருவினாள்.

மாலையில் மாமா தெரிந்தவர்களை அழைத்துக் கூடத்தில் பாய் விரித்தார். மல்லிகைச் சரம் நாலு முழம் வந்தது. அத்தை அதைத் துண்டு துண்டாகக் கத்தரித்தாள். நேராகப் பெரியம்மாவிடம் போய் அவள் நரைத்த கொண்டையில் ஒரு துண்டு வைத்தாள். அடுத்து அம்மாவுக்கு. அப்புறம் ஒன்பது வயசுத் தங்கைக்கு, பக்கத்து வீட்டு அம்மாளுக்கு. கடைசித் துண்டுதான் எனக்கு.

“இன்னாம்மே இது?” என்று மாமா குரலை உயர்த்தினார்.

“அல்லாரும் எங்க அண்ணன் ஊட்டுப் பொம்பளைங்க, வந்தவங்க. ஒருத்திக்கு வெச்சிட்டு ஒருத்திய உட்டா நல்லாவா கீது?”

பெரியம்மா கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். “அப்போ எனக்கும் உம் மவன்தானா?”

கூடமே கொல்லென்று சிரித்தது. அப்படிச் சிரித்த பிறகு அதை நிச்சயம் என்று யார் சொல்ல முடியும்? மாமா முறைத்தார். அத்தை மகன்கூடப் பெருமூச்சு விட்டான், நான் பார்த்தேன். அன்று மூன்று தட்டுச் சோறு தின்றேன். அப்பப்பா, என்ன பசி!

மறுநாள் ஸ்டேஷனில் அத்தை என் காதோடு சொன்னாள்: “பேச்சுத் தொணைக்கு நம்மூர்ப் பொண்ணு ஒருத்தி இருந்தா நல்லாருக்குமேன்னு நான்தான் உங்கப்பனக் கேட்டேன். போ கண்ணு, ஊட்டுக்குப் போ.” நான் ஓடிப்போய் ஸ்டீமர் துறைக்குப் போகும் ரயிலில் ஏறிக்கொண்டேன். சிரித்துக்கொண்டே கையாட்டினேன், வெட்கம் கெட்டவள்.

பிறகு என்னை வெள்ளானூரில் கொடுத்தார்கள். விடியலில் வண்டி கட்டினால் மத்தியானச் சோற்றுக்கு அம்மா வீடு. புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு எத்தனை தடவை போயிருப்பேன்! நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்துவிட்டுத் திரும்புவேன். ஒருநாள் அப்படி அம்மா வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் உறைத்தது. அத்தை ஒரு சண்டைக்குக்கூட இங்கே வந்ததில்லை.