துண்டு அசைந்தால்தான் கரகோஷம்

குமாஸ்தா வேலை பார்த்த கிராணி வேலாயுதம் போய்விட்டார் என்ற செய்தி மலாக்கா காஜா பெராங் கோப்பிக்கடைக்கு வந்தபோது நான் மூன்றாவது ரொட்டியை நனைத்துக்கொண்டிருந்தேன். ரொட்டி கரைந்து குவளைக்குள் விழுந்தது. பூமி ஒரு கணம் சுற்றாமல் நின்றது என்று எழுத ஆசைதான். அவர் இருந்தால், "நீ போய்ப் பார்த்தியா?" என்பார்.

அவரோடு பழகிய உங்களுக்குத் தெரியும், ஜப்பான்காரன் காலத்தில் மலாக்காவின் கைதட்டல் அதிகாரி அவர்தான். எங்களுக்கு அப்போது ஒரு சங்கத் தலைவர் வாய்த்திருந்தார். 'முழக்கச் செம்மல்' என்று தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொண்ட பூசணிக்காய். ஊரே மரவள்ளிக்கிழங்கு தின்று ஈர்க்குச்சியானபோது அவர் மட்டும் உருண்டையாகவே இருந்தார். அவர் வாய் திறந்தால் ஆயர் குரோ காட்டுப் புலிகள் ஜோகூர்வரை ஓடும். பயத்தில் இல்லை, சலிப்பில்.

அவருக்குச் சோற்றைவிடக் கரகோஷம் முக்கியம். அவருடைய கடிதங்களை எழுதிவந்த வேலாயுதம் அண்ணன் ஒருநாள் அந்தச் சொல்லைப் பிரித்துக் காட்டினார். "கரம்னா கை, கோஷம்னா முழக்கம். ரெண்டும் வடமொழி. கோஷத்துக்கு மாட்டிடையர் சேரின்னும் ஒரு பொருள் இருக்கு தம்பி. நம்ம கூட்டத்துக்கு அதுதான் பொருத்தம்." பிறகு சொன்னார்: "கை தானா முழங்கணும். சொல்லித் தட்டினா அது கோழி விரட்டுற சத்தம்."

சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்த நாட்கள் அவை. போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வராததால் தோட்டத் தமிழர்கள் காட்டுக்குள் ஒளிந்துவிட்டார்கள். கூட்டத்துக்கு ஆளில்லை. தலைவர் பக்கத்துக் கம்போங் கிராமத்திலிருந்து மலாக்காச் செட்டிகளைத் திரட்டி வந்தார். நம்மைப் போலவே விநாயகரைக் கும்பிடுபவர்கள், ஆனால் வீட்டில் மலாய் பேசுபவர்கள். மேடைத் தமிழ் அவர்களுக்கு வெறும் இடிச்சத்தம். எங்கே கைதட்டுவது? மேடையோரம் நிற்கும் வேலாயுதம் அண்ணன் தோள்துண்டை அசைத்தால் தட்ட வேண்டும் என்று ஏற்பாடு. ஜப்பான் அதிகாரிக்கும் தமிழ் தெரியாது. சத்தம் மட்டும் தெரியும். பேச்சில் 'சயாம்' என்ற சொல் வரும்போது கைதட்டினால், ரயில் பாதைக்குப் போகச் சம்மதம் என்று கணக்கு. லாரிகள் திடலுக்கு வெளியே தயாராக நின்றன.

"சயாம் செல்வோமா, தோழர்களே!" என்று கர்ஜித்தார் தலைவர்.

துண்டு தோளிலேயே கிடந்தது. பின்வரிசையில் ஒரே ஒரு ஜோடி கை, பயத்தில் நாலு தட்டுத் தட்டிவிட்டு நின்றது.

"செல்வோமா!"

முன்வரிசைச் செட்டிக் கிழவர் துண்டைப் பார்த்து, "பெலும்?" என்றார். இன்னும் இல்லையா என்று அர்த்தம். அண்ணன் இல்லை என்று தலையசைத்தார். தலைவர் வியர்த்து, தொண்டை கட்டி, "இத்துடன் என் உரையை முடித்துக்கொள்கிறேன்" என்றார். துண்டு காற்றாடியாகப் பறந்தது! எழுந்த கரகோஷத்தில் பத்து பெரெண்டாம் என்ற ஊரின் விமானத் தளத்திலிருந்து விமானங்கள் குண்டுவீச்சு என்று எண்ணி மேலே கிளம்பின. எதற்குத் தட்டினார்கள் என்று அதிகாரி கேட்டான். "பேச்சு முடிந்ததற்கு" என்று மொழிபெயர்ப்பாளன் உண்மையைச் சொல்லித் தொலைத்தான்.

"முதலில் ஒருவன் தட்டினானே, அவனையாவது லாரியில் ஏற்று" என்றான் அதிகாரி.

"அது சம்மதம் இல்லீங்க. கொசு அடிச்சாரு" என்றார் அண்ணன்.

அதிகாரி விட்ட அறையில் அவருடைய இடது காது அன்றோடு செத்தது. லாரிகள் அன்று மட்டும் காலியாகத் திரும்பின.

நேற்று இரங்கல் கூட்டம். முழக்கச் செம்மலின் மருமகன் மைக்கைப் பிடித்து, "அமரருக்குப் பலத்த கரகோஷம்!" என்றான். மாமனாரின் தொப்பை, மாமனாரின் புத்தி. கூட்டமும் தட்டித் தீர்த்தது. நான் கைகளைத் தொடைக்கடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தேன்.

அன்று பின்வரிசையில் தட்டியது இந்தக் கைகள்தான். தெரிந்தும் சாகும்வரை அவர் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை, என்னிடம்கூட. அவர் எனக்கு விட்டுப்போனது இந்த இரண்டு கைகளும்தான்.