மேஜர் வீட்டுத் தூண்டில்

போன வருஷம் மழைக்காலம் முடிந்த கையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை, புனேவுக்கு வெளியே ஓர் ஏரிக்கரையில் நடந்தது இது. பிள்ளைகளே, நான் எட்டாவது வரை படித்தவன். புனேயில் கோந்த்வா பகுதியில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பில்டிங் மேல்மாடிக்கு ஒரு தமிழ்க் குடும்பம் புதிதாகக் குடிவந்தது. கணவனும் மனைவியும் மட்டும்தான். ரிட்டயர் ஆன மேஜர் வீடு என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். சாருக்கு முறுக்கு மீசை, விறைப்பான நடை. வேறென்ன வேண்டும்? படியில் பார்க்கும்போதெல்லாம் நானும் என் மகளும் சல்யூட் அடிப்போம். அவர், "தம்பி, அது வந்து..." என்று ஏதோ சொல்ல வருவார். சார் ரொம்ப அடக்கம் என்று நானே முடித்துவிடுவேன்.

சாருக்கு மீன் பிடிப்பதென்றால் உயிர். அந்த ஏரியில் தூண்டில் போட லைசென்ஸ் வேண்டும். முன்னாள் ராணுவத்தினருக்கு மட்டும் இனி அது தேவையில்லை என்று புதிதாகப் போர்டு வைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் சவாரி போனபோது பார்த்துவிட்டு, வந்ததும் மாடியேறிச் சொன்னேன். சார் முகம் மலர்ந்தது. உடனே மனைவியைப் பார்த்து, "அப்போ நீயும் வரணும்" என்றார். என்ன பாசம் என்று நினைத்துக்கொண்டேன். என் மகளோ, மேஜர் அங்கிள் பிடிக்கப்போகும் மீனைப் போட்டோவில் காட்டுவதாக வேன் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

ஞாயிறு காலை நாங்கள் நாலு பேரும் போனோம். கேட்டில் இருந்த காவலாளி மீசையைப் பார்த்ததுமே சல்யூட் வைத்தார். ராணுவக் கார்டுகூடக் கேட்காமல் உள்ளே போகச் சொன்னார். சார் நகரவில்லை.

"பட்டாளத்து ஆளு நான் இல்ல. இவங்க" என்று இந்தியில் சொல்லி, மனைவியைக் காட்டினார்.

மேடம் ஹேண்ட்பேகிலிருந்து கார்டை எடுத்தார். ராணுவ ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக இருந்து, மேஜராக ரிட்டயர் ஆனவர் அவர். சார் பேங்க்கில் கேஷியராக இருந்தவராம். என் மகள் என்னைப் பார்த்தாள். நான் ஏரியைப் பார்த்தேன்.

கார்டு யாருடையதோ அவர்தான் தூண்டில் போடலாம் என்று காவலாளி சொல்லிவிட்டார். லைசென்ஸ் எடுக்கலாமென்றால் அன்றைக்கு ஆபீஸ் லீவு. மேடம் தூண்டிலைத் தொட்டதே இல்லை. சார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயாலேயே மீன் பிடித்தார். இப்படி வீசு, அப்படி வீசு, அசையாதே.

"பட்டாளத்துலகூட என்னை யாரும் இவ்வளவு விரட்டல" என்றார் மேடம்.

மத்தியானம் வரை ஒரு மீன்கூடக் கடிக்கவில்லை. மகள் முகம் வாடிவிட்டது. காவலாளி சாயா குடிக்கப் போன நேரம் பார்த்து, தூண்டில் வில்லாக வளைந்தது. மேடத்துக்குச் சேற்றில் கால் வழுக்கியது. "பிடிங்க, என்னால முடியல" என்றார்.

நானும், "சார், இங்க யாரும் இல்ல. வாங்கிக்கங்க" என்றேன்.

"சலுகை அவளுக்குக் கொடுத்தது தம்பி. அவ சம்பாதிச்சது."

சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும் மனைவியின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தூண்டில் மேல் விரல்கூடப் படவில்லை. அது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று முகத்திலேயே தெரிந்தது. "கொஞ்சம் விடு... இப்பச் சுத்து..." மேடம் பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினார். கரைக்கு வந்தது ஒரு ரோகு மீன், என் மகளின் கை நீளத்துக்கு.

குழம்பு சார்தான் வைத்தார். எங்கள் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் வந்தது.

மறுநாள் வேனில் என் மகள் போட்டோவைக் காட்டி, இது மேஜர் ஆண்ட்டி பிடித்த மீன் என்று அழுத்திச் சொன்னாள்.

இப்போதெல்லாம் படியில் எங்கள் முதல் சல்யூட் மேடத்துக்குத்தான். இரண்டாவது சாருக்கு, ஆள் பார்க்காத ஏரிக்கரையிலும் மனைவியின் உரிமையில் விரல் வைக்காத அந்தக் கைகளுக்கு அடிக்கிறோமே தவிர, மீசைக்கு இல்லை.