எல்வினின் இடது காது

ஊரிகம் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் வளர்ந்த டிஜே எல்வின், இந்தக் கோடையில் ஏழு இசை விழாக்களை முடித்துவிட்டு ஊர் திரும்பியிருந்தான். மேடைகளில் போட்டதில் மிகவும் பிடித்த ஐந்து நடனப் பாடல்களைச் சொல்லும்படி ஓர் இணைய இதழ் கேட்டிருந்தது. முதலிடத்துக்கு நினைத்த பாடலை ஹெட்போனில் போட்டான். இடப்பக்கம் வரவேண்டிய மெல்லிய மணியோசை வரவில்லை.

பதறிப்போய் அக்கா லூயிசாவிடம் ஹெட்போனைக் கொடுத்தான். "மணி கேக்குதாக்கா?"

"நல்லா கேக்குதே. இன்னாடா ஆச்சு?"

ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டினான். வலது காதில் மணி தெளிவாகக் கேட்டது.

"எனக்குத்தான்க்கா கேக்கல."

மறுநாள் காதைச் சோதித்த டாக்டர், "மூணு மாசம் மேடை வேணாம். சரியாகலாம், ஆனா உறுதியா சொல்ல முடியாது" என்றார்.

ஐந்து பாடல்களையும் அன்றே எழுதி அனுப்பினான். அடுத்த விழாக்காரருக்கு ஃபோன் செய்து, வர முடியாது என்றான். அவர் கேட்ட கேள்வி புரியாமல், ஃபோனை வலது காதுக்கு மாற்றிக்கொண்டான்.